வோலஸ்டனுக்கு எழுதிய கடிதம்: ஃபாரடே மீது விழுந்த பழியும் அது தீர்ந்த விதமும் (1821–1824)

ஒருவர் வாய்விட்டுச் சொன்ன யோசனையை இன்னொருவர் எடுத்துத் தன் பெயரில் அச்சிட்டுவிட்டார் என்ற புகார் எந்த ஆய்வகத்திலும் எழக்கூடியது. இன்று அதை விசாரிக்கத் துறைத் தலைவர் இருக்கிறார், நெறிமுறைக் குழு இருக்கிறது, பதிப்பாசிரியர் இருக்கிறார். 1821இல் லண்டனில் இதை விசாரிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. பழி பேச்சில் பரவியது, தனிக் கடிதங்களில் மறுக்கப்பட்டது, கடைசியில் ஒரு வாக்குப்பெட்டியில் போய் முடிந்தது. மைக்கேல் ஃபாரடே அந்த மூன்று ஆண்டுகளில் எழுதிய, பெற்ற கடிதங்கள் பல பிழைத்திருப்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் அவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்பதைத் தேதி வாரியாகப் பின்தொடர முடிகிறது. பழியைப் பரப்பியவர்களில் பெரும்பாலோரின் பெயர் அந்தக் கடிதங்களில் இல்லை. இங்கும் அவர்கள் பெயரில்லாமலேயே வருகிறார்கள்.

பின்னணி

ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். பள்ளிப்படிப்பு சொற்பம். லண்டனில் ஒரு புத்தகக் கடையில் ஏழு ஆண்டுகள் பைண்டிங் தொழில் பழகியவர். 1812இல் லண்டனின் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அதைச் சுத்தமாக எழுதி, படம் வரைந்து, தன் கையாலேயே பைண்டு செய்து, ஒரு கடிதத்துடன் டேவிக்கு அனுப்பினார். டேவியின் பதில் அந்த ஆண்டு டிசம்பர் 24 தேதியிட்டது. 1813 மார்ச்சில் ஃபாரடேக்கு அங்கேயே ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது.

அதே ஆண்டு அக்டோபரில் டேவி தம்பதி ஐரோப்பியப் பயணம் கிளம்பினார்கள். ஃபாரடே அறிவியல் உதவியாளராகக் கூடப் போனார். டேவியின் பணியாள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டதால் அந்த வேலையும் ஃபாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி தன்னை வேலைக்காரனாகவே நடத்தியதை நண்பர் பெஞ்சமின் ஆபட்டுக்கு எழுதிய கடிதங்களில் ஃபாரடே மனம் நொந்து சொல்கிறார். 1815 ஏப்ரலில் ஊர் திரும்பினார்கள். இந்தப் பயணத்தை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. 1821இல் ஃபாரடே திறமையான வேதியியலாளர் என்று பெயர் வாங்கியிருந்தார். ஆனாலும் பலர் கண்ணுக்கு அவர் டேவியிடம் வளர்ந்த பையன்தான். அப்படிப்பட்ட ஒருவர் பெரியவரின் யோசனையை எடுத்துக்கொண்டார் என்று யாராவது சொன்னால் நம்புவதற்கு அதிக முயற்சி தேவைப்படாது.

அந்தப் பெரியவர் வில்லியம் ஹைடு வோலஸ்டன். மருத்துவம் படித்து அதை விட்டுவிட்டவர். பல்லேடியம், ரோடியம் என்ற இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தவர். பிளாட்டினத்தை அடித்து நீட்டக்கூடிய உலோகமாக்கும் முறையைக் கண்டறிந்து நல்ல வருமானம் பார்த்தவர். ராயல் சொசைட்டி என்ற அறிவியலாளர் சங்கத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஜோசப் பேங்க்ஸ் 1820 ஜூனில் இறந்தபோது, இடைக்காலத் தலைவராக வோலஸ்டன்தான் அமர்ந்தார். நவம்பர் இறுதியில் டேவி தலைவரானார். ஆக இந்த விவகாரத்தில் ஒரு பக்கம் ராயல் சொசைட்டியின் முன்னாள் தலைவரும் இந்நாள் தலைவரும் இருந்தார்கள். மறு பக்கம், அந்தச் சங்கத்தில் உறுப்பினராகக்கூட இல்லாத ஒருவர்.

கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது அஞ்சல் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவர்தான் கொடுப்பார். தாள் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் என்பதால் உறை கிடையாது. தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள். லண்டனுக்குள் தனி அஞ்சல் சேவை, இரண்டு பென்னி, ஒரே நாளில் பல முறை பட்டுவாடா. காலையில் எழுதினால் மாலைக்குள் பதில் வந்துவிடும். மாத இதழ்களும் காலாண்டிதழ்களும் இருந்தன. ஆனால் யார் எதில் வேலை செய்கிறார்கள், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்ற செய்தி ஓடியது கடிதத்திலும் விருந்து மேசையிலும்தான். கேட்ட யோசனைக்கு அச்சில் நன்றி சொல்ல வேண்டுமா, எந்த அளவுக்கு, யாரிடம் அனுமதி கேட்டு என்பதற்கு எழுதிவைத்த விதி இல்லை. எல்லாம் கண்ணியத்தின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது.

1821 ஏப்ரல்: கேட்ட பேச்சு

மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புகிறது என்று டென்மார்க்கின் ஒயர்ஸ்டெட் 1820 ஜூலையில் அறிவித்தார். ஐரோப்பா முழுக்க ஆய்வாளர்கள் இதில் இறங்கினார்கள். பாரிஸில் ஆம்பியர் சில வாரங்களிலேயே ஒரு கோட்பாட்டைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

வோலஸ்டனுக்கு ஒரு யோசனை. மின்னோட்டம் கம்பியின் அச்சைச் சுற்றி ஏதோ ஒரு விதத்தில் வளைந்து போகிறது என்றால், அருகே ஒரு காந்தத்தைக் கொண்டுவரும்போது கம்பி தன் அச்சிலேயே சுழல வேண்டும். 1821 ஏப்ரலில் அவர் ராயல் இன்ஸ்டிட்யூஷனுக்கு வந்து டேவியுடன் இதைச் சோதித்துப் பார்த்தார். கம்பி அசையவில்லை. சோதனை நடந்தபோது ஃபாரடே அறையில் இல்லை. அது முடிந்த பிறகு உள்ளே வந்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். பின்னால் எழுந்த பழி முழுக்க இந்த ஒரு பேச்சின் மேல்தான் நின்றது.

1821 கோடை: கண்டுபிடிப்பும் அவசர அச்சும்

ஃபாரடேயின் நண்பர் ரிச்சர்ட் ஃபிலிப்ஸ், ‘அன்னல்ஸ் ஆஃப் ஃபிலாசஃபி’ என்ற மாத இதழின் பொறுப்பில் இருந்தவர். மின்காந்தவியலில் அதுவரை நடந்ததைத் தொகுத்து ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி கேட்டார். ஃபாரடே ஒப்புக்கொண்டார். படித்ததை அப்படியே சுருக்கி எழுத அவர் மனம் ஒப்பவில்லை. மற்றவர்கள் செய்ததாகச் சொன்ன சோதனைகளை ஒவ்வொன்றாகத் தானே செய்து பார்த்தார். அந்த ஆண்டு ஜூனில் சாரா பார்னார்டுடன் திருமணம் நடந்திருந்தது. தன் சிறிய கிறிஸ்தவ சபையில் விசுவாச அறிக்கை செய்து முழு உறுப்பினரானது ஜூலையில். இந்தச் சபை வாழ்க்கையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பிறகு வரும் கடிதங்களின் தொனி விளங்கும். நேர்மை தவறியவர் என்ற பேச்சு அவருக்கு வேலை சம்பந்தப்பட்ட இடைஞ்சல் மட்டும் இல்லை.

செப்டம்பர் 3ஆம் தேதி ஊசியைக் கம்பியைச் சுற்றிப் பல இடங்களில் வைத்துப் பார்த்தபோது, அது கம்பியை நோக்கி இழுக்கப்படுவதும் இல்லை, தள்ளப்படுவதும் இல்லை, காந்த முனை கம்பியைச் சுற்றி வட்டமடிக்கப் பார்க்கிறது என்று ஃபாரடேக்குப் பிடிபட்டது. ஒரு கிண்ணத்தில் பாதரசம், நடுவே செங்குத்தாக ஒரு காந்தம், மேலிருந்து தொங்கி நுனி மட்டும் பாதரசத்தைத் தொடும் கம்பி. மின்கல அடுக்கோடு இணைத்தால் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்னோட்டத்தையும் காந்தத்தையும் கொண்டு தொடர்ச்சியான இயக்கம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. மிகவும் திருப்தி, ஆனால் இன்னும் நுணுக்கமான கருவி வேண்டும் என்று அன்றைய குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

வோலஸ்டன் எதிர்பார்த்தது கம்பி தன்னைத்தானே சுற்றுவது. ஃபாரடே கண்டது கம்பி காந்த முனையைச் சுற்றி வருவது. இரண்டும் வேறு. இயற்பியல் தெரிந்த யாரும் இன்று இதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சுழற்சி என்ற ஒரே சொல் இரண்டிலும் இருந்தது. பேச்சாகக் கேட்டவர்களுக்கு அந்தச் சொல் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அடுத்த ஒரு வாரத்தில் நடந்தவைதான் இந்த ஆய்வில் முக்கியமானவை. இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை எழுதி முடித்தார். அதன் தேதி செப்டம்பர் 11. அதில் வோலஸ்டனின் கருத்தைக் குறிப்பிட அனுமதி கேட்பதற்காக அவர் வீட்டுக்குப் போனார். வோலஸ்டன் ஊரில் இல்லை. அனுமதி இல்லாமல் இன்னொருவர் அச்சிடாத கருத்தைத் தான் வெளியிடுவது முறையில்லை என்று ஃபாரடே நினைத்தார். அதனால் வோலஸ்டனின் பெயரே இல்லாமல் கட்டுரை ராயல் இன்ஸ்டிட்யூஷனின் காலாண்டிதழில் அக்டோபரில் வெளியானது. கட்டுரையைக் கொடுத்துவிட்டு மனைவியுடன் ராம்ஸ்கேட் கடற்கரைக்கு ஓய்வுக்குப் போய்விட்டார்.

நடுவே, செப்டம்பர் 12ஆம் தேதி, ஜெனீவாவில் இருந்த நண்பர் காஸ்பார் தெ லா ரீவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். காந்த ஊசி கம்பியால் இழுக்கப்படுவதாகவும் தள்ளப்படுவதாகவும் தெரிவதெல்லாம் மயக்கம், கம்பியில் உள்ள விசை ஊசியின் முனையை முடிவில்லாத வட்டத்தில் சுற்றவைக்கப் பார்க்கிறது என்று அதில் விளக்குகிறார். அந்த உற்சாகத்தை இன்று படித்தாலும் உணர முடிகிறது. எதையோ மறைக்கிறவர் எழுதும் கடிதமாக அது எனக்குத் தோன்றவில்லை.

என் மதிப்பீட்டில், அனுமதி இல்லாமல் பெயரைச் சொல்லக்கூடாது என்ற தயக்கம் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் அதற்கு இரண்டு வழி இருந்தது: பெயரைத் தவிர்ப்பது, அல்லது வோலஸ்டன் திரும்பும்வரை பொறுத்திருப்பது. ஃபாரடே முதல் வழியை எடுத்தார். பாரிஸில் ஆம்பியரும் மற்றவர்களும் இதே துறையில் வேகமாக ஓடிக்கொண்டிருந்ததால் அவசரம் புரிந்துகொள்ளக்கூடியதே. இருந்தாலும் அந்த அவசரத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் செலவாயின.

அக்டோபர் 1821: பழி

ஊர் திரும்பியபோது லண்டனில் பேச்சு தொடங்கியிருந்தது. அக்டோபர் 8ஆம் தேதி அவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுக்கு எழுதினார். ஸ்டோடார்ட் அறுவைக் கருவிகளும் கத்திகளும் செய்பவர். உருக்கில் பிற உலோகங்களைக் கலக்கும் ஆய்வில் ஃபாரடேயின் கூட்டாளி. வோலஸ்டனையும் நன்றாகத் தெரிந்தவர்.

அந்தக் கடிதத்தில் ஃபாரடே செய்த முதல் காரியம், தன் மீதான குற்றச்சாட்டுகளைத் தானே தொகுத்து எழுதியது. டேவிக்கு உதவியபோது கிடைத்த தகவலை ஒப்புக்கொள்ளவில்லை என்பது ஒன்று. வோலஸ்டனின் கோட்பாட்டையும் கருத்தையும் மறைத்தார் என்பது இரண்டாவது. வோலஸ்டன் வேலை செய்துகொண்டிருந்த விஷயத்தில் இடையில் புகுந்தார் என்பது மூன்றாவது. நான்காவதுதான் மிகவும் கடுமையானது: வோலஸ்டனின் எண்ணங்களை நாணயமில்லாமல் எடுத்து, ஒப்புதல் சொல்லாமல், தான் கொண்டாடும் முடிவுக்கு அதைக் கொண்டுபோனார் என்பது.

தன் காதுக்கு முணுமுணுப்பாக வருவது, அறிவியலாளர்கள் மத்தியில் உரக்கவே பேசப்படுகிறதோ என்று சந்தேகிப்பதாகவும் எழுதுகிறார். வோலஸ்டனைச் சந்திக்க ஸ்டோடார்ட் ஏற்பாடு செய்து தர முடியுமா என்பதுதான் கோரிக்கை.

குற்றச்சாட்டை எண்ணிட்டுப் பிரித்ததில் ஒரு பயன் இருந்தது. வாய்வழிப் பழி உருவமில்லாதது, கேட்பவர் ஒவ்வொருவரும் ஒரு விதமாகப் புரிந்துகொள்வார். எழுத்தில் நான்காகப் பிரித்துவிட்டால் எது உண்மை, எது பாதி உண்மை, எது பொய் என்று தனித்தனியாகப் பதில் சொல்ல முடியும். முதலாவதிலும் இரண்டாவதிலும் ஒரு துளி நியாயம் இருந்தது, ஏனெனில் கட்டுரையில் பெயர் இல்லை. மூன்றாவது விவாதத்துக்குரியது. நான்காவது அபாண்டம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மறுத்திருந்தால் அந்தத் துளி நியாயமே அவரைக் கவிழ்த்திருக்கும்.

அக்டோபர் 30: நேரடிக் கடிதம்

இடையாள் மூலம் போனது போதாது என்று பட்டிருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து ஃபாரடே வோலஸ்டனுக்கே எழுதினார். கடிதம் நீளமில்லை. சில நிமிடம் பேச அனுமதி வேண்டும் என்கிறார். அதற்குக் காரணங்களாகச் சொல்பவை: தன்னால் தன் மீதான பழியை நீக்கிக் காட்ட முடியும், அவருக்குத் தான் கடமைப்பட்டிருக்கிறார், அவரை மதிக்கிறார், ஆதாரமில்லாத எண்ணங்களிலிருந்து தப்ப விரும்புகிறார், தவறு ஏதும் செய்திருந்தால் மன்னிப்புக் கேட்கத் தயார்.

கடிதத்தில் என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். தன் சோதனை எப்படி வேறுபட்டது என்ற வாதம் இல்லை. பழி சொன்னவர்கள் யார் என்ற விசாரணை இல்லை. டேவியின் பெயரை இழுத்து ஆதரவு தேடவில்லை. வாதத்தை நேரில் வைத்துக்கொள்ளலாம், கடிதத்தின் வேலை கதவைத் திறக்கவைப்பது மட்டும்தான் என்று அவர் முடிவு செய்ததாகவே படுகிறது. ராயல் சொசைட்டியின் முன்னாள் தலைவருக்கு முப்பது வயது உதவியாளர் ஒருவர் பக்கம் பக்கமாக வாதம் எழுதியிருந்தால், அதைக் கடைசிவரை படித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வோலஸ்டன் உடனே பதில் எழுதினார். என் மனத்தாங்கலின் அளவை நீங்கள் கூட்டி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அதன் தொடக்கம். உங்கள் நடத்தையைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது உங்கள் கவலை, என்னுடையதல்ல என்கிறார். பிறர் சொன்ன யோசனையைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்று உங்கள் மனம் சொன்னால் இதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை, பேச விரும்பினால் நாளைக் காலை பத்துக்கும் பத்தரைக்கும் இடையில் வாருங்கள், நான் இருப்பேன்.

இந்தப் பதிலைக் குளிர்ந்த பதில் என்று சிலர் படிக்கக்கூடும். என் பார்வை வேறு. அந்தக் காலை அரைமணி நேரம் கொடுக்கப்பட்டதே பெரிது. அதற்குப் பிறகு வோலஸ்டன் பலமுறை ஆய்வகத்துக்கு வந்து ஃபாரடேயின் சோதனைகளைப் பார்த்தார். அந்தக் கிறிஸ்துமஸில், தனிக் காந்தம் எதுவும் இல்லாமல், பூமியின் காந்தத்தாலேயே கம்பியைச் சுழலவைத்து ஃபாரடே வெற்றி கண்டார். இருவருக்குள் மனக்கசப்பு இருந்ததற்கான அறிகுறி இதற்குப் பின் எதுவும் தெரியவில்லை.

ஆனால் வோலஸ்டனின் ஒரு வரிதான் சிக்கலின் மையம். மற்றவர்கள் நினைப்பது உங்கள் கவலை. அது உண்மைதான், ஃபாரடேக்குப் பாதகமான உண்மை. பாதிக்கப்பட்டவராகக் கருதப்பட்டவரே சமாதானமாகிவிட்டார். அது இரண்டு பேருக்குள் ஒரு அறையில் நடந்த சமாதானம். வெளியே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியாது. வோலஸ்டன் அதை ஊருக்குச் சொல்லவில்லை. டேவி, ஏப்ரல் மாதம் அறையில் இருந்த இன்னொரு சாட்சி, அச்சில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1823 மார்ச்: அடங்கியது மறுபடி கிளம்பியது

ஒன்றரை ஆண்டு ஓடியது. 1823 மார்ச் 6ஆம் தேதி டேவி ராயல் சொசைட்டியில் ஒரு மின்காந்தக் கட்டுரை வாசித்தார். அதில் வோலஸ்டனின் பழைய யோசனையைப் பற்றியும் பேசினார். ஒரு மாத இதழில் வந்த கூட்டச் செய்தி, கருவியில் ஏற்பட்ட ஒரு தற்செயல் கோளாறால் சோதனை தோற்காமல் இருந்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு வோலஸ்டனுடையதாகவே இருந்திருக்கும் என்ற பொருளில் அச்சாகிவிட்டது. ஃபாரடே கேட்டுக்கொண்ட பிறகு திருத்தம் வந்தது. ஆனால் அதற்குள் பழைய பேச்சு புது உயிர் பெற்றுவிட்டது.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. டேவியின் யோசனைப்படி குளோரின் ஹைட்ரேட்டை மூடிய கண்ணாடிக் குழாயில் சூடாக்கிக்கொண்டிருந்தார் ஃபாரடே. பார்க்க வந்த டேவியின் நண்பர், குழாயில் எண்ணெய் போல ஏதோ இருக்கிறதே, சுத்தம் செய்யாத குழாயா என்று கேட்டார். மறுநாள் காலை அந்த நண்பருக்கு ஃபாரடேயிடமிருந்து ஒரு சிறு கடிதம் வந்தது: நேற்று நீங்கள் கவனித்த எண்ணெய் திரவக் குளோரின் என்று தெரியவருகிறது. அவ்வளவுதான் கடிதமே. வாயுவாகவே தெரிந்திருந்த குளோரின் திரவமாகிவிட்டது! மார்ச் 13ஆம் தேதி கட்டுரை ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டபோது, இந்தச் சோதனையை வழிநடத்தியதில் தன் பங்கு என்ன என்று டேவி ஒரு குறிப்பைச் சேர்த்தார். யாருக்கு எவ்வளவு பெருமை என்ற கேள்வி இப்போது ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவிலேயே வந்துவிட்டது.

1823 மே: உறுப்பினர் முன்மொழிவு

ராயல் சொசைட்டியில் ஃபாரடேயைச் சேர்க்க ரிச்சர்ட் ஃபிலிப்ஸ் முன்மொழிவுப் பத்திரம் தயாரித்தார். 29 பேர் கையெழுத்திட்டார்கள். முதல் கையெழுத்து வோலஸ்டனுடையது. பத்திரம் மே 1ஆம் தேதி கூட்டத்தில் முதலில் வாசிக்கப்பட்டது. அது பத்துக் கூட்டங்களில் வாசிக்கப்பட்டுப் பிறகுதான் வாக்கெடுப்புக்கு வரும்.

தலைவர் டேவிக்குக் கோபம். பத்திரத்தை எடுத்துவிடும்படி ஃபாரடேயிடம் சொன்னார். நான் வைக்கவில்லை, என்னால் எடுக்க முடியாது, முன்மொழிந்தவர்கள்தான் வைத்தார்கள் என்றார் ஃபாரடே. அப்படியென்றால் அவர்களிடம் சொல்லி எடுக்கவை என்றார் டேவி. அவர்கள் எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும் என்பது பதில். தலைவர் என்ற முறையில் நானே எடுத்துவிடுவேன் என்று டேவி சொன்னதற்கு, சங்கத்துக்கு எது நல்லது என்று நினைக்கிறீர்களோ அதைத்தான் செய்வீர்கள் என்று நம்புகிறேன் என்று ஃபாரடே சொல்லி நிறுத்திக்கொண்டார். முன்மொழிந்தவர்களில் ஒருவரை டேவி, சங்கம் இயங்கிய சாமர்செட் மாளிகை முற்றத்தில் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி நடக்கவைத்து, ஃபாரடேயைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று வாதாடியதாகவும் ஃபாரடே கேள்விப்பட்டார். இந்த உரையாடல்கள் ஃபாரடேயின் குறிப்பிலிருந்து நமக்குக் கிடைப்பவை. டேவி தரப்பிலிருந்து இணையான பதிவு இல்லை என்பதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

டேவியின் எதிர்ப்பில் எவ்வளவு பங்கு பொறாமை, எவ்வளவு பங்கு தன் ஆளையே தான் தூக்கிவிட்டதாகப் பேச்சு வரும் என்ற பயம், எவ்வளவு பங்கு வோலஸ்டன் விவகாரம் என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. அந்த ஜூன் இறுதியிலேயே அவர் ஃபாரடேக்கு எழுதிய ஒரு குறிப்பு அன்பாகத்தான் முடிகிறது.

வார்பர்ட்டனுடன் கடிதப் போக்குவரத்து

வெளிப்படையாக எதிர்த்த இன்னொருவர் ஹென்றி வார்பர்ட்டன், ராயல் சொசைட்டி உறுப்பினர், வோலஸ்டனின் நண்பர். நண்பருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். ஃபாரடேயின் நடத்தை பற்றிய தன் ஆட்சேபணையைச் சிலரிடம் சொல்லியும் இருந்தார். (இதே வார்பர்ட்டன் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகி, 1840இல் வந்த ஒரு பென்னி அஞ்சலுக்காக உழைத்தவர்களில் ஒருவரானார்.)

ஃபாரடே இந்த முறை இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தார். வார்பர்ட்டனுக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, ஜூனில் நேரில் போய்ப் பார்த்துப் பேசினார். கூடவே, 1821இல் செய்யாமல் விட்டதைச் செய்தார். மின்காந்தச் சுழற்சி பற்றிய வரலாற்று விளக்கம் ஒன்றை எழுதிக் காலாண்டிதழின் 1823 ஜூலை இதழில் அச்சிட்டார். ஏப்ரல் பேச்சில் தான் கேட்டது என்ன, வோலஸ்டனின் எதிர்பார்ப்பு என்ன, தன் கண்டுபிடிப்பு எங்கே வேறுபட்டது, அனுமதி கேட்கப் போனபோது நடந்தது என்ன என்று எல்லாம் யாரும் படிக்கக்கூடிய இடத்தில் வந்தன.

ஜூலை 8 தேதியிட்ட வார்பர்ட்டனின் கடிதம் இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. கட்டுரையைப் படித்துவிட்டேன் என்கிறார். எல்லா விஷயத்திலும் தன் திருப்தி முழுமையானது என்று நடிக்கவில்லை. ஆனால் இதைப் பற்றி யார் முன்னிலையில் தான் பேசியிருந்தாரோ அவர்களைச் சந்திக்கும்போது, தன் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுவிட்டதாகவும், அது திரும்பப் பெற வேண்டியதே என்றும், இனித் தேர்தலுக்குத் துணைநிற்க விரும்புவதாகவும் சொல்வதாக எழுதிக் கொடுக்கிறார். பழியை எந்த வழியில் அனுப்பினாரோ அதே வழியில் மறுப்பையும் அனுப்ப ஒப்புக்கொண்டார். 1821இல் வோலஸ்டன் செய்யாமல் விட்ட வேலை அது.

ஆகஸ்ட் 29ஆம் தேதி ஃபாரடே நன்றி சொல்லி எழுதினார். இரண்டு மாதம் முன்பு சங்கம் தன்னை நிராகரிக்கும் என்று முடிவே கட்டிவிட்டதாகவும், அன்றிருந்த மனநிலையில் சேர்த்தாலும் தள்ளினாலும் ஒன்றுதான் என்றிருந்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். இந்த விவகாரம் முழுக்க வோலஸ்டன் காட்டிய பெருந்தன்மைக்குப் பிறகு, பலரின் நல்லெண்ணம் தெரிந்த பிறகு, இப்போது உறுப்பினராவதில் மகிழ்ச்சி என்கிறார்.

முடிவு

1824 ஜனவரி 8ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. ஃபாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராக ஒரே ஒரு கறுப்புப் பந்து விழுந்திருந்தது. வாக்கு ரகசியமானது. போட்டவர் யார் என்று ஊகிப்பதில் பலருக்கு ஆர்வம் உண்டு. பதிவில் பெயர் இல்லாதவரை அப்படியே விட்டுவிடுவது முறை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஃபாரடே ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆய்வகத்தின் இயக்குநரானார். அதற்குப் பரிந்துரைத்தவர் டேவி. ஆனாலும் ராயல் சொசைட்டியில் சேர்ந்த பிறகு டேவியுடன் அறிவியல் பேச்சு முன்பு இருந்தது போல இல்லை என்று ஃபாரடே பிற்காலத்தில் எழுதினார். அதே இடத்தில் டேவியின் திறமை மீது தனக்குள்ள மதிப்பையும் சொல்கிறார். வோலஸ்டன் 1828 டிசம்பரிலும் டேவி 1829 மேயிலும் இறந்தார்கள்.

பிறகு மாறியவை

1831 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஃபாரடே மின்காந்தத் தூண்டலை, அதாவது மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னோட்டத்தை உண்டாக்குவதை, கண்டுபிடித்தார். நவம்பர் 24ஆம் தேதி கட்டுரை ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. டிசம்பரில், பாரிஸில் இருந்த நண்பர் அஷெத்துக்கு இதைச் சுருக்கமாகக் கடிதத்தில் எழுதினார். நல்லெண்ணத்தில் அஷெத் அந்தக் கடிதத்தைப் பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் வாசிக்கக் கொடுத்துவிட்டார். செய்தி பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த நோபிலி, அந்தினோரி என்ற இரண்டு இத்தாலியர்கள் சோதனைகளைத் தாங்களும் செய்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் ஃபாரடேயின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அதை வெளியிட்ட இதழ் முன்தேதியிட்ட 1831 நவம்பர் இதழ். ஃபாரடேயின் முழுக் கட்டுரை அதுவரை அச்சாகவில்லை. இத்தாலியர்கள்தான் முந்தினார்கள் என்ற எண்ணம் லண்டனிலேயே பரவியது. இந்த முறை ஃபாரடே காத்திருக்கவில்லை. அந்த இத்தாலியக் கட்டுரையையே மொழிபெயர்க்கவைத்து, தன் குறிப்புகளுடன் 1832இல் அச்சிட்டார்.

அதே ஆண்டு மார்ச் 12ஆம் தேதி ஒரு கடிதம் எழுதி, முத்திரையிட்டு, ராயல் சொசைட்டியின் பாதுகாப்பில் வைத்தார். காந்த விசை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவ நேரம் எடுக்கும், அது நீர்ப்பரப்பில் அலை பரவுவது போன்றது என்ற தன் கருத்து அதில் இருந்தது. சோதித்து நிரூபிக்க அப்போது நேரமில்லை. பின்னால் நிரூபித்தால் கருத்துக்குத் தேதி இருக்க வேண்டும் என்று அதிலேயே காரணம் சொல்கிறார். 1937இல்தான் அது திறக்கப்பட்டது. 1832 ஆகஸ்டிலிருந்து ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பத்திக்கும் தொடர் எண் போட ஆரம்பித்தார். கடைசிப் பத்தியின் எண் 16041.

என்ன வேறு மாதிரி நடந்திருக்கலாம்

ஃபாரடேயைப் பொறுத்தவரை, 1821 செப்டம்பரில் வோலஸ்டனின் பெயரைச் சொல்லாமல், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் நடந்த ஒரு பேச்சைத் தான் கேட்டதாகவும் அதன் உரியவர் ஊரில் இல்லாததால் விவரம் பிறகு தருவதாகவும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அனுமதி இல்லாமல் கருத்தை வெளியிட்ட குற்றமும் வராது, மறைத்தார் என்ற குற்றமும் வராது. 1823 ஜூலை விளக்கத்தை 1821 நவம்பரிலேயே, வோலஸ்டனைச் சந்தித்த கையோடு அச்சிட்டிருந்தால் 1823 மே மாதச் சண்டைக்குப் பிடிமானமே இருந்திருக்காது.

காலாண்டிதழின் பதிப்பாசிரியர் பிராண்ட், அதே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேதியியல் பேராசிரியர். இதே பொருளில் இங்கே வேறு யாரும் வேலை செய்கிறார்களா என்று கட்டுரையாசிரியரிடம் ஒரு கேள்வி கேட்கும் நிலையில் இருந்தவர் அவர்.

டேவி செய்திருக்க வேண்டியது இன்னும் எளிது. ஏப்ரல் சோதனை எது, செப்டம்பர் சோதனை எது என்று நேரடியாகத் தெரிந்த ஒரே மூன்றாம் ஆள் அவர். 1821 அக்டோபரில் அவரிடமிருந்து ஒரு இதழுக்கு நாலு வரிக் கடிதம் போயிருந்தால், தன்னிடம் வேலை பார்த்தவர் நான்கு குற்றச்சாட்டுகளை எண்ணிட்டு எழுதி, ஸ்டோடார்ட்டிடம் போய் நிற்க வேண்டி வந்திருக்காது.